கூரைமேல் நீண்ட கிளை

ஒருவருடைய வளவில் வளர்ந்த மரத்தின் கிளை அடுத்தவருடைய கூரைமேல் நீண்டுவிட்டால், அதனை வெட்டவேண்டியவர் யார்? வெட்டிய விறகு யாருக்கு? கிளையிலே பழுத்து வேலிக்கு அப்பால் விழுந்த கனி யாருக்கு? கேட்பதற்குச் சிறுபிள்ளை வினாக்களாகத் தோன்றும் இவை உலகத்துச் சட்டநூல்களின் மிகப் பழைய பக்கங்களில் இடம்பெற்றவை. இரு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை அற்றிருக்கும் அயல்வீட்டாரின் கதையைத் துருவிப் பார்த்தால், அடியிலே ஒரு முருங்கைக் கிளையோ பலாமரத்து வேரோ கிடக்கக் காணலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே இவ்வினா இன்னொரு வடிவம் கொள்ளுகிறது. அங்கே கிளை யாருடையது என்று கேட்பதற்கு முன்னர், கூரை யாருடையது என்று கேட்கவேண்டியிருக்கிறது. அதனாலேயே இச்சிறு பொருளை எடுத்துப் பேசத் துணிந்தோம்.

முதலில் பழைய விதியைக் காண்போம். உரோமாபுரியின் நீதியதிகாரிகள் இதற்கென்றே ஒரு கட்டளை வைத்திருந்தனர். கி.பி. 533இல் யஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலே அது காணப்படுகிறது. ஒருவனுடைய மரம் இன்னொருவனுடைய வீட்டின்மேல் சாய்ந்து நின்றால், மரத்துக்குரியவன் அதனை அகற்றவேண்டும். அகற்றாமல் வாளாவிருந்தால் வீட்டுக்காரனே வெட்டி மரத்தையும் தனக்கென வைத்துக்கொள்ளலாம். அவனை யாரும் தடுத்தல் ஆகாது. மரம் நீண்டிருப்பது வீட்டின்மேல் அன்றி வயலின்மேல் என்றால் விதி வேறு. நிலத்திலிருந்து 15 அடி உயரம் வரையிலுள்ள கிளைகளை மட்டுமே கழிக்கலாம்; அதற்கு மேலுள்ளவை நிற்கலாம். கனியைப் பற்றியும் அவர்கள் மறக்கவில்லை. அயல் நிலத்தில் விழுந்த தன் மரத்துக் கனியைப் பொறுக்க, மரத்துக்குரியவன் மூன்றாம் நாள்தோறும் உள்ளே வரலாம் என்றனர். நாள்தோறும் வந்தால் அது தொல்லை. வரவே கூடாதென்றால் அது கொள்ளை. இரண்டுக்கும் இடையிலே ஒரு கணக்கு.

வீட்டுக்கு ஒரு நீதி, வயலுக்கு ஒரு நீதி என்று உரோமர் பிரித்ததை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். வயலிலே நிழல் விழுந்தால் விளைச்சல் குறையும். கூரைமேல் மரம் விழுந்தால் உறங்குபவன் எழமாட்டான். அந்த வேற்றுமையை அவர்கள் அறிந்திருந்தனர். தோட்டங்களை அமைத்தவர்கள் அதனை அறிந்திருந்தார்களா என்பதே நாம் கேட்க வந்த கேள்வி.

ஆங்கிலேயர் வழி வேறாகச் சென்றது. 1894ஆம் ஆண்டில் இலண்டன் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கிலே, தன் நிலத்தின்மேல் நீண்ட கிளையை அயலவன் முன்னறிவித்தல் இன்றியே வெட்டலாம் என்று விதிக்கப்பட்டது. ஆனால் வெட்டிய கிளை மரத்துக்குரியவனுடையதே. அதிலிருந்த ஆப்பிளும் அவனுடையதே. யாழ்ப்பாணத்துத் தமிழர் வழக்காறுகளை ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதுவித்தபோது, தேசவழமையிலும் இது புகுந்தது. எல்லையோரத்திலே நட்ட மரம் பக்கத்து நிலத்தின்மேல் சாய்ந்தால் பலன் யாருக்கு என்ற கேள்வியை அந்நூலும் விட்டுவைக்கவில்லை. வேலியும் கிடுகுமாக வாழ்ந்த சமுதாயத்துக்கு அது தலைபோகிற காரியமன்றோ!

ஆனால் எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ வாழும் தமிழருக்குத் தேசவழமை உரியதன்று. அது வடபகுதித் தமிழருக்கு மட்டும் உரியது. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு உரியது. எஞ்சுவது இத்தீவின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம். சப்பிரகமுவ 1815 வரை கண்டி இராச்சியத்தின் பகுதியாக இருந்தது. ஒல்லாந்தரின் ஆட்சி கரையோரத்திலேதான் நிலைபெற்றிருந்தது. அவர்கள் இத்தீவை விட்டுப் போய் அரைநூற்றாண்டு கடந்தபின்னர், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால், கண்டியச் சட்டம் பேசாத விடயங்களிலே கரையோரச் சட்டமே செல்லும் என ஆங்கிலேயர் விதித்தனர். இவ்வாறு உரோமாபுரியில் பிறந்து, ஒல்லாந்து தேசத்தில் வளர்ந்து, ஆங்கிலேயர் கைப்பிடித்து நடந்து, களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர் மரங்களுக்குக் கீழே வந்து நிற்கிறது ஒரு சட்டம். புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வந்த மக்கள் அதன்கீழ் வாழ்கிறார்கள். அம்மக்களும் நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள்தாம்.

அச்சட்டம் சொல்வது தெளிவானது. உன் கிளை அயலவன் எல்லைக்குள் நீண்டால், அவன் கேட்டதும் நீ வெட்டவேண்டும். வெட்டாவிடில் அவன் வெட்டலாம், அல்லது நீதிமன்றம் செல்லலாம். மரம் பழுதுற்றது என்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்கவேண்டிய நிலையில் இருந்தும், ஒன்றும் செய்யாதிருந்து அதனால் பிறருக்குக் கேடு விளைந்தால் நட்டஈட்டுக்கும் நீ பொறுப்பாளி. இங்கே ‘நீ’ என்ற சொல்லுக்கு ஓர் ஆள் வேண்டும். ‘அயலவன்’ என்ற சொல்லுக்கும் ஓர் ஆள் வேண்டும். இருவருக்கும் நடுவிலே ஓர் எல்லை வேண்டும். தோட்டத்து லயத்திலே இம்மூன்றும் இல்லை.

லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். தகரக் கூரையின்மேல் பெரியதொரு அல்பிசியாக் கிளை நீண்டிருக்கிறது. அந்த மரம் நிற்கும் மண் யாருடையது? 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை ஏற்று நடத்தின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் கைமாறிற்று. பின்னர் அது நீண்டகாலக் குத்தகையாயிற்று. ஆகவே மண் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நாளாந்த அதிகாரம் துரையினுடையது. கீழே படுத்துறங்குபவனுக்கு அந்தக் காம்பராவில் குடியிருக்கும் அனுமதி மட்டுமே உண்டு. கூரையும் அவனுடையதன்று, கிளையும் அவனுடையதன்று. கிளை கூரைமேல் விழுந்தால் முறிகிற எலும்பு மட்டும் அவனுடையது. சட்டத்தின் கண்ணுக்கு இங்கே இரு அயலவர் இல்லை. ஒரே உடைமையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின்மேல் சாய்ந்து நிற்கிறது. தன் வலக்கை தன் இடக்கையின்மேல் விழுவதற்கு எவன் வழக்குத் தொடுப்பான்?

ஆதலால் முறைப்பாடு ஒரு யாத்திரையாகிறது. “அந்தக் கெளைய வெட்டித் தாங்கன்னு மூணு மாசமாச் சொல்றோமுங்க, கங்காணி ஐயா” என்பாள் லயத்துப் பெண். “தொரைக்கிட்டச் சொல்லியாச்சும்மா. கொம்பனியிலிருந்து உத்தரவு வரணுமாம்” என்பார் கங்காணி. கம்பனி, மரம் விற்கத்தக்கதா, அனுமதிப்பத்திரம் வேண்டுமா, வெட்டுகூலி யார் கணக்கில் எழுதுவது என்று ஆராயும். தொழிற்சங்கத் தலைவர் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்துச் செல்வார். அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிடும். இது எந்த ஒரு தோட்டத்தின் குறையும் அன்று. பொறுப்பைப் பலர் பங்கிட்டால் ஒருவருக்கும் ஒரு பங்கும் தேறாத கணக்கு இது.

சப்பிரகமுவத்து மழையை அறிந்தவர்களுக்கு இந்த அச்சத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஈரம் ஊறிய சரிவிலே வேரின் பிடி தளரும். அல்பிசியா விரைந்து வளரும் மரம். விரைந்து வளர்வது விரைந்து முறியும். தேயிலைக்கு நிழல் தரவும் காற்றைத் தடுக்கவும் நட்டவை நாளடைவில் லயத்துக்கு மேலே குடைவிரித்துவிட்டன. இறப்பர் மரமோ இன்னொரு வகை. 1876இல் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளை நிறைத்து நிற்கின்றன. முப்பது ஆண்டு பால் தந்தபின் முதிர்ந்து நிற்கும் மரத்தின் வேரை வெண்வேர் நோய் அரித்திருந்தால், மேலே பச்சை இலையிருக்க அடியோடு சாயும். தை மாசியிலே இலையுதிர்க்கும். உதிர்ந்த இலை பீலியை அடைக்கும். அடைத்த பீலியில் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். இறப்பர்க் காய் வெடித்துத் தகரத்தின்மேல் விழும் ஓசை பிள்ளைகளுக்கு விளையாட்டு, நோயாளிக்கு அவ்வாறன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நிழல்மரத்தை வெட்டுமுன்னர் அதன் அடியைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்து, நின்ற நிலையிலே சாகவிடுவது தேயிலைத் தோட்டங்களின் வழக்கம். இதிலே அறிவுக் குறைவொன்றும் இல்லை. வேரிலே மாப்பொருள் எஞ்சியிருந்தால் அதை உண்டு பூஞ்சண நோய் வளர்ந்து தேயிலைச் செடிகளின் வேருக்கும் பரவும். பட்டையுரித்த மரத்தின் வேர் தன் இருப்பைத் தானே தின்று தீர்த்துவிடும். தேயிலைக்கு இது நல்ல மருத்துவம். ஆனால் அந்த மரம் லயத்துக்கு அருகில் நின்றால்? மாதக்கணக்காக ஒரு செத்த மரம் கூரைக்கு மேலே காவல் நிற்கிறது. உலர்ந்த கிளை ஒவ்வொன்றாக உதிர்கிறது. செடியின் வேரை எண்ணிய அளவு மனிதரின் கூரை எண்ணப்படவில்லை. உரோமர் பிரித்த இரண்டினுள், வீடு என்ற பகுதி தோட்டத்தின் கணக்கேட்டிலே இல்லாமற் போயிற்று. லயமும் வயலுக்குள் அடங்கிய ஒரு பொருள். கொழுந்து மடுவத்தைப்போல, உரக் களஞ்சியத்தைப்போல. வயலுக்கு 15 அடி நீதியே போதும் அல்லவா?

உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தெருவுக்கோ வீட்டுக்கோ இடர் தரத்தக்க மரத்தை அகற்றுமாறு உரியவருக்கு அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சட்டங்களில் உண்டு. பட்டினத்தார் அதனைப் பயன்படுத்தியும் வருகிறார்கள். தோட்டத்தின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர், அதே மக்களின் வாசலிலே ஒரு விளக்கையோ ஒரு படிக்கட்டையோ சபைப் பணத்தால் அமைக்க இயலாத விந்தை முப்பது ஆண்டு நீடித்தது. 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று தோட்டத்தவரின் முறைப்பாட்டைச் சபை தள்ளிவிட அந்தப் பிரிவைக் காரணங்காட்ட முடியாது. இச்செய்தி தோட்டங்களில் இன்னும் பலரை எட்டவில்லை என்பதே எமது எண்ணம். பழைய தடையைச் சொல்லித் திருப்பியனுப்பினால் திரும்பிவந்துவிடுகிறார்கள்.

நுவரெலியாப் பக்கத்திலே தோட்டத்தை அடுத்துத் தோட்டம். ஒரு மலை முடிந்தால் இன்னொரு தோட்டத்து மலை. சப்பிரகமுவத்திலோ தோட்டங்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவிலே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தெஹியோவிட்டையிலும் தெரணியகலையிலும் இறக்குவானையிலும் காவத்தையிலும் லயத்தின் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ‘நாடு’ தெரியும். கிராமத்தைத் தோட்டத்தார் அவ்வாறுதான் அழைப்பர். ஆதலால் எல்லை என்பது இங்கே நீளமானது; அதன்மேல் நீளும் கிளைகளும் மிகுதி. கிராமத்தவரின் பலா லயத்தின்மேல் சாயும். தோட்டத்து இறப்பர் கிராமத்தவரின் கமுகந்தோட்டத்துக்கு நிழல்கட்டும். இருபுறத்தாரும் ஒருவர் மொழியை ஒருவர் பேசக் கற்றிருப்பதற்கு, கடைவீதியோடு இந்த வேலியும் ஒரு காரணமென்று சொல்லலாம். காய்த்த பலாவிலே முதற்காய் லயத்துக்கு வருவதும், தைப்பொங்கலன்று லயத்திலிருந்து ஒரு கிண்ணம் வேலியைக் கடப்பதும் அப்பகுதிக்கு இயல்பானவை. 1977இலும் 1981இலும் அதே வேலியைத் தீயும் கடந்தது. வாழ்ந்த காம்பராவை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த குடும்பங்கள் பல. தாங்கள் வைத்த மரங்களை அவர்கள் கொண்டுபோகவில்லை.

பலாவைப் பற்றித் தனியாகவே ஒரு சொல். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது என்கிறது. மரம் தன் வளவிலே, தன் கையால் நட்டதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். கிராம சேவகர் பார்த்துச் சொல்ல, பிரதேச செயலாளர் வழங்குவார். பஞ்சத்திலே சோறாக நின்ற மரத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கதே. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்ற பெருமகன் நாடெங்கும் பலா நடுவித்து ‘கொஸ் மாமா’ என்று பெயர் பெற்றதும் அவ்வெண்ணத்தினாலேயே. ஆனால் அயலவர் இங்கே தெளிந்திருக்கவேண்டியது ஒன்றுண்டு. கூரைமேல் நீண்ட பலாக்கிளையை ‘என் எல்லைக்குள் வந்தது, வெட்டினேன்’ என்று கோடரி எடுப்பவர், கிளை எல்லையோடு நிற்காமல் அடிமரத்துக்கும் கைவைத்தாரானால், வேலிச் சண்டையில் தொடங்கி நீதவான் நீதிமன்றத்தில் முடிக்கவேண்டிவரும். முன்னரே உரியவரிடம் கேட்பதும், கேட்டதற்குச் சான்று வைப்பதும் கோடரியைக் காட்டிலும் கூர்மையானவை.

இனிப் புதிய வீடுகளுக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகும் பேறு ஒரு பகுதியினருக்குக் கிட்டியிருக்கிறது. பல இடங்களிலே வழங்கப்பட்ட நிலம் 7 பேர்ச்சஸ். நாலைந்து தலைமுறையாகக் காம்பராவில் இருந்த குடும்பத்துக்கு இது முதன்முதலாக ஓர் எல்லை. எல்லை வந்ததும் அயலவன் வந்துவிட்டான். அயலவன் வந்ததும் சட்டம் வந்துவிட்டது. நேற்றுவரை மரத்துக்காகத் துரையை நொந்துகொண்டவர், இன்று தம் முருங்கைக்காகப் பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்லவேண்டியவர். இதை ஒரு சுமையென்று சிலர் கருதக்கூடும். எமக்கு அப்படித் தோன்றவில்லை. ‘உன் கிளையை வெட்டு’ என்று ஒருவன் வந்து கேட்பதற்கு, கிளை நம்முடையதாக இருக்கவேண்டும் அல்லவா?

ஆனால் நிலத்தின் அளவை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசிரியர்கள் இதை வகுப்பிலே கணக்காகக் கொடுக்கலாம். ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் 1,900 சதுர அடியை அடுத்து வரும். சதுரமாகக் கொண்டால் பக்கத்துக்கு 44 அடிக்குச் சற்றுக் குறைவு. நடுவிலே 550 சதுர அடி வீடு கட்டினால், அதன் பக்கம் ஏறக்குறைய 23 அடி. சுற்றிவர எஞ்சுவது பத்தடி. பலாவொன்று பதினைந்தடி ஆரத்துக்குக் குடைவிரித்தால், அந்தப் பத்தடிக்குள் எங்கு நட்டாலும் ஒரு கிளை தன் கூரைமேல் இருக்கும், இன்னொரு கிளை அயலவன் எல்லைக்குள் இருக்கும். தப்ப வழியே இல்லை. போதாக்குறைக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும் வந்து நிற்கும். கன்றை நடுகிறபோது ஒரு வழக்கையும் சேர்த்தே நடுகிறோம். தாய்வீட்டுப் பலாவின் கொட்டையை ஆசையோடு கொண்டுவந்து ஊன்றும் பாட்டியிடம் இதை யார் சொல்வது என்பது வேறு விடயம்.

ஆகவே சிறு வளவுக்குச் சிறு மரம். கறிவேப்பிலை, எலுமிச்சை, பப்பாளி, தூதுவளை, வேலிக்குச் செவ்வரத்தை. முருங்கை வைத்தால் ஆண்டுதோறும் தலையை வெட்டவேண்டும். வெட்டினால்தான் காயும் கைக்கெட்டும். வேலிக்கு நட்ட கிளிசிறியாத் தடி மூன்றாண்டிலே மரமாகி மின்கம்பியைத் தொடும் என்பதை மறக்கலாகாது. கம்பியைத் தொட்ட கிளையை மட்டும் வீட்டார் வெட்ட முற்படக்கூடாது. ஈரமரத்தில் ஏறிக் கத்தியோடு கம்பிக்கு அருகே போனவர்கள் திரும்பி இறங்காத செய்திகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். அதனை மின்சாரத் துறையாரிடம் அறிவிப்பதே முறை. தம் மரத்துச் சருகு அயலவரின் பீலியிலோ கிணற்றிலோ விழுந்தால் அதை வாரிக்கொடுப்பதும் மரமுடையவரின் கடனே. சட்டம் இதைக் கேட்குமோ கேட்காதோ, கிணற்றடியில் நிற்கும் பெண் நிச்சயம் கேட்பாள்.

மரங்களையெல்லாம் வெட்டிவிடுவோம் என்று இதிலிருந்து ஒருவர் முடிவு கட்டினால் அது பெரும் பிழை. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் நடந்தவற்றை யாரும் மறக்கவில்லை. அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அன்றே புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்திலும் மண் சரிந்து தோட்ட மக்கள் மடிந்தனர். மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டமும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அழுதது. இத்தகைய சரிவுகளிலே மண்ணைத் தைத்து வைத்திருப்பது மரவேர். மரத்தை வெட்டிய அன்று வேர் செத்துவிடுவதில்லை; நாலைந்து ஆண்டு கழிந்து அது மக்கி இற்றுப்போகும்போதுதான் மண் தன் பிடியை இழக்கிறது. வெட்டியவர் அதற்குள் மறந்துவிடுவார். லயத்துக்கு மேற்பக்கச் சரிவிலே நிற்கும் மரத்தைப் பிடுங்குவதும் ஆபத்து, வளரவிடுவதும் ஆபத்து. கிளையைக் கழித்து, தலையைக் குறைத்து, வேரை வைத்துக்கொள்வதே நடுவழி.

அந்த நடுவழிக்குத் தோட்டத்தார் புதியவர்கள் அல்லர். தேயிலை இயல்பிலே செடியன்று, மரம். விட்டுவிட்டால் முப்பதடிக்கு மேல் எழும்பும். அதை நூற்றைம்பது ஆண்டாக இடுப்பளவிலே நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக்காரனின் கத்தி. எந்தக் கணுவுக்கு மேலே, எந்தச் சாய்விலே வெட்டினால் வெட்டுவாயில் நீர் தேங்காமல் துளிர்க்கும் என்பதைப் பட்டம் பெறாமலே அறிந்தவர்கள் அவர்கள். இத்தகைய கைத்திறன் உள்ளவர்களின் கூரைமேல் வெட்டப்படாத கிளை தொங்குவதற்கு அறியாமை காரணமன்று. அந்தக் கிளையைத் தொட அவர்களுக்கு ஆணை இல்லை. தோட்டத்து மரத்தை உத்தரவின்றி வெட்டுவது திருட்டாகவும் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாகவும் கொள்ளப்பட்ட காலங்கள் உண்டு. லயத்துக்கு இத்தனை அடி தூரத்துக்குள் எந்த மரமும் கூரையை மீறி வளரலாகாது, மீறினால் லயத்தவரே முகாமைச் செலவில் கழிக்கலாம் என்று ஒரு விதி இருந்தால் போதும். உரோமாபுரியின் வீட்டுக்காரனுக்கு இருந்த உரிமை அதுவே. கூட்டு ஒப்பந்தங்களிலே நாட்கூலியைப் பற்றிப் பேசியவர்கள் அதே மேசையில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

அதுவரைக்கும் இருப்பது கடிதம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இப்பக்கத்தைப் படிப்பவர்கள் ஆதலால் அவர்களுக்கென்றே சில குறிப்புகள். லயத்து மக்கள் மனு எழுதுவிக்க முதலில் தேடிவருவது அவர்களைத்தான். ஆபத்தான மரத்தைப் பற்றிய கடிதம் தோட்ட முகாமையாளருக்கு முகவரியிடப்படட்டும். பிரதிகள் கிராம சேவகருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் செல்லட்டும். ‘மரம் தெரியாது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை’ என்ற மறுமொழிக்கு இடமில்லாமற் செய்வது அக்கடிதமே. உரியவர் அறிந்திருந்தார் என்பதைக் காட்டுவதற்குப் பின்னாளில் அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. எனவே திகதியும், பெற்றுக்கொண்டவர் கையொப்பமும், நம்மிடம் ஒரு படியும் இருக்கவேண்டும். கூரையிலிருந்து மரம் எத்தனை அடி தூரம், எந்தப் பக்கம் சாய்வு, அடியிலே புற்றோ பொந்தோ உண்டா, பட்டை உரிக்கப்பட்டதா, கீழே எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பவற்றை எழுதுக. ‘மரத்தால் மிகவும் அவதியுறுகிறோம்’ என்பதை ஒருமுறை எழுதினாற் போதும்.

தமிழிலே எழுதலாம், தமிழில் மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. ஆயினும் மரத்தின் சிங்களப் பெயரையும் பக்கத்தில் குறித்துவிடுவது நன்று. பலா என்றால் கொஸ், ஈரப்பலா என்றால் தெல் என்று சேர்த்து எழுதினால், கேகாலையிலோ இரத்தினபுரியிலோ கோப்பைத் திறக்கும் எழுதுவினைஞர் எந்த மரம் என்று வினவி அதைத் திருப்பியனுப்ப வேண்டியிராது. வைகாசிக் காற்றுக்கு முன்பாக, சித்திரை விடுமுறைக்குள் கடிதம் போய்ச் சேர்ந்துவிடட்டும்.